காவலரே இல்லாமல் 26 ஆண்டு, 1,960 காவலர் இருந்தும் மூன்றே ஆண்டு: காராபாக் போர்நிறுத்தங்கள்

கேள்வி இதுதான்: காராபாக் என்ற மலைப்பகுதிக்காகச் சண்டையிட்ட ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் 1994-ல் செய்துகொண்ட போர்நிறுத்தம் ஓர் அமைதிப்படை வீரர்கூட இல்லாமல் 26 ஆண்டு நின்றது. 2020-ல் ரஷ்யா கிட்டத்தட்ட 2,000 வீரர்களை இறக்கியும் மூன்று ஆண்டு முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது. ஏன் இப்படி? 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் வாஷிங்டனில் செய்துகொண்ட சமாதான ஏற்பாடு இதில் எந்த வகை?

சுருக்கமாகச் சொல்லிவிட்டு விரிவாகப் போகிறேன். 1994-ல் இரு தரப்புக்கும் அடுத்த அடி எடுத்து வைக்கத் தெம்பில்லை, அதனால் போர் நின்றது. 2020-ல் ஒரு தரப்பு வென்றுகொண்டிருந்தபோது ரஷ்யா குறுக்கே வந்து நிறுத்தியது. குறுக்கே நிற்பதில் ரஷ்யாவுக்கு அக்கறை போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இதில் வீரர்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்தான். இரண்டு தாள்களிலும் என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்று பார்த்தால் மீதி விளங்கும்.

பின்னணி கொஞ்சம் தேவை. நாகோர்னோ-காராபாக்கை (சுருக்கமாக காராபாக்) 1923-ல் அஜர்பைஜான் சோவியத் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாக அமைத்தார்கள். 1989 கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 1,89,000 பேர். நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆர்மீனியர்கள். 1988 பிப்ரவரி 20 அன்று அந்தப் பகுதியின் சோவியத் மன்றம், எங்களை ஆர்மீனியாவோடு சேர்த்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. ஒரு வாரத்தில் அஜர்பைஜான் தலைநகர் பாகூவுக்கு அருகில் சும்கயித் நகரில் ஆர்மீனியர்கள் மீது கொலைவெறித் தாக்குதல். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆர்மீனியாவில் இருந்த அஜர்பைஜானியர்களும், காராபாக் தவிர அஜர்பைஜானில் இருந்த ஆர்மீனியர்களும் பெரும்பாலும் விரட்டப்பட்டுவிட்டார்கள். 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, மாஸ்கோ வரைந்து வைத்திருந்த உள்நாட்டுக் கோடுகள் ஒரே இரவில் சர்வதேச எல்லைகள் ஆயின. காராபாக் சண்டை இரு நாடுகளுக்கு இடையிலான போர் ஆனது.

1994-க்கு முன்பும் சமரச முயற்சிகள் நடந்தன. 1991 செப்டம்பரில் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் கஜகஸ்தான் அதிபர் நசர்பாயெவும் ஷெலெஸ்னொவோட்ஸ்க் என்ற ஊரில் இரு தரப்பையும் உட்கார வைத்து ஓர் அறிக்கை வாங்கினார்கள். இரண்டு மாதத்தில், அதைச் செயல்படுத்தப் போன ரஷ்ய, கஜகஸ்தான் அதிகாரிகளும் அஜர்பைஜான் அதிகாரிகளும் பயணித்த ஹெலிகாப்டர் காராபாக்கில் விழுந்து எல்லோரும் இறந்தார்கள். அந்த முயற்சியும் அதோடு முடிந்தது. இதைவிட மோசம் டெஹ்ரானில் நடந்தது. 1992 மே 7 அன்று ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானி முன்னிலையில் இரு நாட்டுத் தலைவர்களும் போர்நிறுத்த அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே சண்டை தொடங்கி, மே 9-க்குள் ஷுஷா நகரம் ஆர்மீனியப் படைகளிடம் விழுந்தது. காராபாக்கின் மலையுச்சிக் கோட்டை நகரம் அது. அதைப் பிடித்தவருக்குக் கீழே உள்ள காராபாக் தலைநகர் ஸ்டெபனகெர்ட் கைக்கெட்டிய தூரம். தன் வீட்டிலேயே இப்படி அவமானப்பட்ட ஈரான் அதற்குப் பிறகு முதன்மை மத்தியஸ்தராக வரவே இல்லை. வெற்றி கண்முன் தெரியும்போது எந்தப் படைத்தலைவரும் தாளைப் பார்த்து நிற்கமாட்டார் என்பதற்கு இந்தப் போரில் கிடைத்த முதல் பெரிய சாட்சி இது. பிறகும் நிறையக் கிடைத்தன.

சரி, 1994-க்கு வருவோம். 1992-ல் லாச்சின், 1993-ல் கெல்பஜார் தொடங்கி மற்றவை என்று, காராபாக்கைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களை ஆர்மீனியர்கள் முழுதாகவோ பகுதியாகவோ பிடித்துவிட்டார்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1993 என்ற ஓர் ஆண்டில் 822, 853, 874, 884 என்று நான்கு தீர்மானங்கள் போட்டது. களத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அஜர்பைஜான் பெரிய எதிர்த்தாக்குதல் நடத்தியது. ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்தது, நிலம் பெரிதாக மீளவில்லை. பாகூவில் 1993 ஜூனில்தான் ஆட்சி கவிழ்ந்து அதிபர் எல்சிபேய் ஓடிப்போய், சோவியத் காலத்து மூத்த கை ஹெய்தர் அலியெவ் நாற்காலிக்கு வந்திருந்தார். முகாம்களில் பல லட்சம் அகதிகள். மறுபக்கம் ஆர்மீனியா வென்றிருந்தது, ஆனால் மக்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். துருக்கி எல்லையை மூடிவிட்டது, எரிவாயுக் குழாய் அடிக்கடி வெடித்தது, மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரம். இதற்கு மேல் முன்னேறினால் ஆள்வதற்கு ஆளில்லாத நிலம்தான் கிடைக்கும்.

அந்த நேரத்தில் ரஷ்யத் தூதர் விளாடிமிர் கசிமிரோவ் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் நாடாளுமன்றத் தலைவர்களைக் கூட்டினார். மே 5 அன்று தயாரான பிஷ்கெக் நெறிமுறை உண்மையில் ஒரு வேண்டுகோள்தான்: மே 8 நள்ளிரவோடு சுடுவதை நிறுத்துங்கள், பிறகு முறையான ஒப்பந்தம் செய்யுங்கள் என்றது. அஜர்பைஜான் பிரதிநிதி அங்கே கையெழுத்திட மறுத்தார். கசிமிரோவ் பாகூவுக்கே போய், நாடாளுமன்றத் தலைவர் ரசூல் குலியெவின் கையெழுத்தை வாங்க வேண்டியிருந்தது. உண்மையான போர்நிறுத்த ஒப்பந்தம் அடுத்த சில நாட்களில், ஒரு மேஜையிலும் யாரும் உட்காராமலே முடிந்தது. மே 9 அன்று பாகூவில் பாதுகாப்பு அமைச்சர் மம்மத்ராஃபி மம்மதோவ் ஒரு தாளில் கையெழுத்திட்டார். 10-ம் தேதி ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் செர்ஜ் சர்க்சியான் அதே வாசகம் உள்ள இன்னொரு தாளில். 11-ம் தேதி ஸ்டெபனகெர்ட்டில் காராபாக் படைத்தளபதி சாம்வெல் பாபயான் மூன்றாவது தாளில். மூன்றும் ஃபேக்ஸில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தன. 12-ம் தேதி முதல் துப்பாக்கிகள் அடங்கின.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கையெழுத்து காராபாக்குடையது என்பது ஒன்று. தங்கள் நாட்டின் பகுதி என்று சொல்லும் ஓர் இடத்தின் கிளர்ச்சிப் படைத்தளபதியோடு பாகூ ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. களத்தில் சுடுபவர் யாரோ அவர் கையெழுத்து இல்லாமல் சுடுவது நிற்காது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது, அந்தத் தாள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நிலம் திரும்பத் தா, இந்தத் தேதிக்குள் வெளியேறு, இந்த நிலைமையை ஏற்றுக்கொள் என்று ஒரு வரிகூட இல்லை. நிற்கும் இடத்தில் நில், அவ்வளவுதான். நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையே இல்லாத தாளை முறிப்பதற்குச் சாக்கும் கிடைக்காது.

ரஷ்யா சும்மா விடவில்லை. அதே மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் கிராச்சோவ் எல்லோரையும் மாஸ்கோவுக்கு அழைத்து, ரஷ்ய அமைதிப்படையை ஏற்றுக்கொள்ளும்படி நெருக்கினார். பாகூ மசியவில்லை. ஹெய்தர் அலியெவ் கே.ஜி.பி.யில் ஜெனரலாகவும் பிறகு கிரெம்ளினின் பொலிட்பீரோவிலும் இருந்தவர். ரஷ்யப் படை ஒரு வீட்டுக்குள் வந்தால் எப்படித் தங்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் புடாபெஸ்ட் மாநாட்டில் பன்னாட்டு அமைதிப்படை அனுப்பத் தீர்மானம் ஆனது. அந்தப் படை ஒருநாளும் புறப்படவில்லை.

ஆக, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் நீளமான அந்தப் போர்முனைக்கோட்டைப் பார்த்துக்கொண்டது யார்? ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் சிறப்புப் பிரதிநிதி ஆன்ட்ஜேய் கஸ்ப்ரிஜிக்கும் அவருடைய உதவியாளர்கள் ஐந்து பேரும். மொத்தம் ஆறு பேர். அவர்களும் முன்கூட்டியே இரு தரப்புக்கும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர்கள் வந்தால் அந்த இடத்தில் சுடுவது நிற்கும், போனதும் தொடங்கும். கேள்வியில் உள்ள “26 ஆண்டு நின்றது” என்பதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பதுங்குகுழிகளில் இளம் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுடுபவர்களின் தோட்டாவுக்கு இறந்துகொண்டேதான் இருந்தார்கள். 2016 ஏப்ரலில் நான்கு நாள் முழுச் சண்டையே நடந்து, மாஸ்கோவில் இரு நாட்டு ராணுவத் தலைமைத் தளபதிகள் வாய்மொழியாகப் பேசி நிறுத்தினார்கள். நின்றது பெரும்போர் மட்டும்தான்.

அந்த 26 ஆண்டில் ராஜதந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், மின்ஸ்க் குழு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு கூடிக் கூடிப் பேசியது. 1992-ல் மின்ஸ்க் நகரில் ஒரு சமாதான மாநாடு நடத்துவதாக முடிவு செய்து, அதற்காக அமைத்த குழு. மாநாடு நடக்கவே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1997 முதல் ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ் மூன்றும் இணைத்தலைவர்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லமாட்டேன். மொத்தத் தீர்வு, படிப்படியான தீர்வு, 2001-ல் அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் அதிபர்களின் நேரடிப் பேச்சு, 2007-ல் மாட்ரிட் கொள்கைகள் என்று வரிசையாக வரைவுகள் வந்தன. மாட்ரிட் வரைவின் சாரம் நியாயமானதுதான்: ஏழு மாவட்டங்களை அஜர்பைஜானிடம் திருப்பிக் கொடுப்பது, காராபாக்குக்கு இடைக்கால நிலை, ஆர்மீனியாவோடு இணைக்க ஒரு வழித்தடம், அகதிகள் திரும்புதல், பிற்பாடு ஒரு நாள் வாக்கெடுப்பின் மூலம் இறுதி நிலை. 2011 ஜூனில் கசான் நகரில் ரஷ்ய அதிபர் மெத்வெதேவ் இதை ஏறத்தாழ முடித்துவிடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கடைசியில் பாகூ கொண்டுவந்த திருத்தப் பட்டியலோடு அது கலைந்தது.

ஏன் யாரும் கையெழுத்திடவில்லை? வென்றவர், காலம் போகப் போக உலகம் இதைப் பழக்கமாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார். தோற்றவர், காலம் போகப் போகத் தன் கை வலுக்கும் என்று கணக்குப் போட்டார். இரண்டாவது கணக்குதான் சரியாக வந்தது. போர்நிறுத்தம் ஆன நான்கே மாதத்தில், 1994 செப்டம்பர் 20 அன்று, பாகூ மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்களோடு “நூற்றாண்டின் ஒப்பந்தம்” என்று பெயர்பெற்ற உடன்பாட்டைச் செய்தது. 2006 வாக்கில் பாகூ, திபிலிசி, ஜெய்ஹான் குழாய் வழியாக எண்ணெய் மத்தியதரைக்கடலுக்கு ஓடியது. எங்கள் ராணுவச் செலவு ஆர்மீனியாவின் மொத்த பட்ஜெட்டையே தாண்ட வேண்டும் என்று ஹெய்தரின் மகனும் அடுத்த அதிபருமான இல்ஹாம் அலியெவ் மேடையிலேயே இலக்கு வைத்தார், எட்டியும் காட்டினார். மூடிய எல்லைகளுக்கு நடுவே ஆர்மீனியாவின் மக்கள்தொகை குறைந்துகொண்டிருந்தது.

இதை முன்கூட்டியே பார்த்த ஒருவர் யெரெவானில் இருந்தார், அதுவும் அதிபராக. லெவான் தெர்-பெட்ரோசியான் 1997 நவம்பரில் பத்திரிகையில் நீளமாக எழுதினார்: வென்ற நிலையில் இருக்கும்போதே விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்வோம், பின்னால் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது சாரம். மூன்று மாதத்தில் அவரைப் பதவி விலக வைத்தார்கள். விலக வைத்தவர்களில் முக்கியமானவர் காராபாக்கிலிருந்து வந்த பிரதமர் ராபர்ட் கொச்சரியான். அவரே அடுத்த அதிபர். இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் நடந்தது. அதிபரே காராபாக்காரர் என்றான பிறகு, காராபாக்குக்குத் தனி நாற்காலி எதற்கு என்று பேச்சுவார்த்தை மேஜையில் அதன் இடம் போய்விட்டது. அன்று ஆர்மீனியர்களுக்கு இது வசதியாகத்தான் இருந்தது. என் பார்வையில், 1994-க்குப் பிறகு அவர்கள் செய்த மிகப் பெரிய ராஜதந்திரப் பிழை இதுதான். பின்னால் நாற்காலி கேட்டபோது பாகூ கொடுக்கவில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். மூடிய அறையில் விட்டுக்கொடுப்பு பேசிய இரு தரப்புத் தலைவர்களும், வெளியே வந்து தங்கள் மக்களிடம் ஒரு கல்லைக்கூட விடமாட்டோம் என்றார்கள். 2019 ஆகஸ்டில் ஸ்டெபனகெர்ட் சதுக்கத்தில் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யான் “காராபாக் என்றால் ஆர்மீனியா, முற்றுப்புள்ளி” என்றார். இரண்டு மாதம் கழித்து, புதின் இருந்த ஒரு மேடையில் அலியெவ் “காராபாக் என்றால் அஜர்பைஜான், ஆச்சரியக்குறி” என்று பதில் சொன்னார். இதற்கு மேல் மத்தியஸ்தர் என்ன பேசுவது?

2020 செப்டம்பர் 27 அன்று போர் தொடங்கியது. துருக்கியின் பைரக்தார் ட்ரோன்கள், பல ஆண்டு சேர்த்த ஆயுதங்கள், தெற்கில் வேகமான முன்னேற்றம். அடுத்து நடந்த ராஜதந்திரம் டெஹ்ரான் கதையின் மறுபதிப்பு, மூன்று முறை. அக்டோபர் 10: மாஸ்கோவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து ஒரு மனிதாபிமானப் போர்நிறுத்தம் வாங்கினார். அக்டோபர் 18: பிரான்ஸ் முயற்சியில் இன்னொன்று. அக்டோபர் 26: வாஷிங்டனில் மூன்றாவது. மூன்றும் தொடங்கிய அன்றே முறிந்தன. சண்டை ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை. மூன்று வல்லரசுகள் ஆளுக்கொரு முறை தோற்ற பிறகு, அஜர்பைஜான் படைகள் ஷுஷாவைப் பிடித்தன. நவம்பர் 8 அன்று அலியெவ் அதை அறிவித்தார். அப்போதுதான் கையெழுத்துக்கு வேளை வந்தது. ஆர்மீனியாவுக்கு வேறு வழியில்லை, அஜர்பைஜானுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அந்த 9-ம் தேதி மாலை, நக்சிவான் (ஆர்மீனியாவுக்கு அந்தப்புறம் தனியே கிடக்கும் அஜர்பைஜான் பகுதி) எல்லையருகே ஒரு ரஷ்ய ஹெலிகாப்டரை அஜர்பைஜான் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியது, உடனே மன்னிப்பும் கேட்டது. சில மணி நேரத்தில் புதின், அலியெவ், பஷின்யான் மூவரின் அறிக்கை வெளியானது. அன்றிரவே யெரெவானில் கோபக் கூட்டம் அரசுக் கட்டடங்களுக்குள் புகுந்து நாடாளுமன்றத் தலைவரை அடித்து மருத்துவமனைக்கு அனுப்பியது.

அந்த அறிக்கை ஒன்பது புள்ளிகள், இரண்டு பக்கம்கூட வராது. 1994-ன் தாளுக்கு நேர் எதிர். வரிக்கு வரி கடமைகள், தேதிகள். அக்தாம் மாவட்டத்தை நவம்பர் 20-க்குள், லாச்சினை டிசம்பர் 1-க்குள் ஒப்படைக்க வேண்டும். கெல்பஜாருக்கு 15-ம் தேதி என்று போட்டு, பிறகு பத்து நாள் நீட்டித்தார்கள். ரஷ்ய வீரர்கள் 1,960 பேர், கவச வாகனங்கள் 90, மற்ற வாகனங்கள் 380 என்று எண்ணி எழுதியிருந்தது. ஐந்து ஆண்டுக்கு இருப்பார்கள். முடிய ஆறு மாதம் இருக்கும்போது யாரும் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் இன்னும் ஐந்து. காராபாக்கை ஆர்மீனியாவோடு இணைக்கும் லாச்சின் பாதை ஐந்து கிலோமீட்டர் அகலத்தில் ரஷ்யக் கட்டுப்பாட்டில். கைமாறாக, அஜர்பைஜானிலிருந்து நக்சிவானுக்கு ஆர்மீனியா வழியாகப் போக்குவரத்து, அதையும் ரஷ்ய எல்லைக்காவல் படை கண்காணிக்கும்.

வாகனத்தை எண்ணியவர்கள் எழுதாமல் விட்டது என்ன? காராபாக்கின் அரசியல் நிலை. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காராபாக்கின் கையெழுத்தும் இல்லை. அமைதிப்படை எப்போது சுடலாம், யாரைத் தடுக்கலாம் என்ற அதிகார வரையறையும் இல்லை. பிறகும் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு வரையறை வரவில்லை. அப்புறம், ஆர்மீனியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற புள்ளியில் காராபாக்கின் உள்ளூர்ப் படையும் சேருமா? சேரும் என்றது பாகூ, சேராது என்றது யெரெவான். அஜர்பைஜான் கேட்டபடி தடையில்லாத நக்சிவான் பாதையை ஆர்மீனியா தரவில்லை. கடமையை நிறைவேற்றவில்லை என்று சொல்ல பாகூவுக்கு ஒரு காரணம் எப்போதும் கையில் இருந்தது. காவலாளிக்கு சம்பளம் பேசி, சாவி கொடுக்காமல் வாசலில் நிறுத்திய மாதிரி ஆனது அந்தப் படை.

பரிசோதனை உடனே தொடங்கியது. 2020 டிசம்பரிலேயே ஹத்ருத் பக்கத்தில் இரண்டு கிராமங்களை அஜர்பைஜான் எடுத்துக்கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட ஆர்மீனியச் சிப்பாய்களைப் பிடித்துப் போனது. ரஷ்யா ஏதும் செய்யவில்லை. 2022 மார்ச்சில் ஃபாருக் கிராமம் போனது. ஆனால் இதற்குள் பெரிய விஷயம் வேறோர் இடத்தில் நடந்துவிட்டது. 2022 பிப்ரவரி 22 அன்று அலியெவ் மாஸ்கோவில் புதினோடு கூட்டாளி உறவுப் பிரகடனம் செய்தார். 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதன்பிறகு தடைகளுக்கு நடுவே ரஷ்யாவுக்கு அஜர்பைஜான் வழியும் துருக்கியின் தயவும் தேவைப்பட்டன. காராபாக் மலையில் ஒரு சோதனைச் சாவடிக்காக பாகூவோடு மோத மாஸ்கோவுக்கு எந்தக் காரணமும் இல்லை. 2022 செப்டம்பரில் ஆர்மீனியாவின் சொந்த மண்ணிலேயே இரண்டு நாள் தாக்குதல் நடந்து, இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர் இறந்தபோது, ஆர்மீனியா உறுப்பினராக இருந்த ரஷ்யத் தலைமையிலான ராணுவக் கூட்டணி ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டது.

2022 டிசம்பர் 12 அன்று, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் லாச்சின் பாதையில் உட்கார்ந்தது. ரஷ்ய வீரர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் பாதையில் தடையற்ற போக்குவரத்தை உறுதி செய் என்று அஜர்பைஜானுக்கு உத்தரவு போட்டது. ஏப்ரலில் அஜர்பைஜான் ஹகாரி பாலத்தில் சொந்தச் சோதனைச் சாவடியையே வைத்துவிட்டது. கோடைக்குள் காராபாக்கில் ரொட்டிக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. 2023 செப்டம்பர் 19 அன்று தாக்குதல் தொடங்கி, மறுநாள் பகல் ஒரு மணிக்கு, ரஷ்ய அமைதிப்படை மூலம் ஒரு போர்நிறுத்தம் வந்தது. ஆயுதங்களை முழுதாக ஒப்படைப்பது அதன் நிபந்தனை; பெயர் போர்நிறுத்தம் என்றாலும் உள்ளடக்கம் சரணடைதல். அந்த ஒரு நாளில் ரஷ்ய வீரர்களே சிலர் அஜர்பைஜான் துப்பாக்கியில் இறந்தார்கள். அலியெவ் வருத்தம் தெரிவித்தார், மாஸ்கோ அதோடு விட்டது. ஒரு வாரத்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் அதே லாச்சின் பாதையில் வெளியேறினார்கள். வழியில் ஓர் எரிபொருள் கிடங்கு வெடித்து 200 பேருக்கு மேல் இறந்த கொடுமையும் நடந்தது. செப்டம்பர் 28 அன்று காராபாக் தலைவர், தங்கள் அரசு 2024 ஜனவரி 1-ல் கலைந்துவிடும் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். 1994-க்குப் பிறகு காராபாக்கிடம் கேட்டு வாங்கப்பட்ட முக்கியமான கையெழுத்து அதுவாகத்தான் இருந்தது. ரஷ்யப் படை தன் ஐந்தாண்டுக் கெடு முடியும் முன்பே, 2024 ஜூனுக்குள், மூட்டை கட்டிவிட்டது.

இப்போது 2025-க்கு. இங்கே என் கருத்து பலருக்குப் பிடிக்காது: காராபாக் என்ற சிக்கலை வன்முறையும் வெளியேற்றமும் மேஜையிலிருந்து அகற்றிய பிறகுதான் இரு நாடுகளும் நேராகப் பேசத் தொடங்கின. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்தது என்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 7 அன்று மத்தியஸ்தர் பெயரே இல்லாத ஒரு கூட்டறிக்கை வந்தது: ஆர்மீனியக் கைதிகள் 32 பேருக்கு அஜர்பைஜான் சிப்பாய்கள் இருவர், கூடவே பாகூவில் காலநிலை மாநாடு நடக்க ஆர்மீனியா தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டது. 2024-ல் அஜர்பைஜானின் கசாக் மாவட்டத்து நான்கு கிராமங்களை ஆர்மீனியா திருப்பிக் கொடுத்து, எல்லை நிர்ணயத்தைத் தொடங்கியது. ஒரு பேராயர் தலைமையில் யெரெவானில் பெரும் ஊர்வலங்கள் நடந்தும் பஷின்யான் பின்வாங்கவில்லை. எந்த வரைபடத்தை வைத்து அளப்பது என்ற தீராத சண்டைக்கு, சோவியத் குடியரசுகளின் எல்லைகளையே நாடுகளின் எல்லைகளாக ஏற்ற 1991 அல்மா-அட்டா பிரகடனம்தான் அடிப்படை என்று இருவரும் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். 2025 மார்ச் 13 அன்று 17 பிரிவுகள் கொண்ட சமாதான ஒப்பந்த வாசகம் முடிந்துவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன.

ஆகவே ஆகஸ்ட் 8 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப் முன்னிலையில் நடந்ததைப் பார்த்து, அமெரிக்கா சமாதானம் செய்து வைத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. வாசகம் முன்பே தயார். அமெரிக்கா கொண்டுவந்தது நக்சிவான் பாதைக்கு ஒரு விடை: ஆர்மீனியாவின் சியுனிக் மாகாணம் வழியாக, ஆர்மீனியச் சட்டத்துக்கு உட்பட்டு, அமெரிக்கப் பங்கேற்போடு ஒரு தடம். டிரம்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெயருக்கு ஆசைப்படுபவரிடம் பெயரைக் கொடுத்து வேலையை வாங்குவதும் ராஜதந்திரம்தானே. 2020 அறிக்கையின் ரஷ்ய எல்லைக்காவல் படை இந்த ஏற்பாட்டில் காணாமல் போனது. மின்ஸ்க் குழுவை மூடிவிடுங்கள் என்று இரு நாடுகளும் சேர்ந்து எழுதிக் கொடுத்தன, அந்த ஆண்டு டிசம்பரில் அது மூடப்பட்டது.

ஒப்பந்தத்தின் வாசகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, எல்லையில் மூன்றாம் நாட்டுப் படை எதுவும் இருக்கக்கூடாது என்ற பிரிவு. ரஷ்யர்கள் மட்டுமல்ல, ஆர்மீனியா பக்கம் 2023 முதல் ரோந்து சுற்றும் ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்களும் இதனால் போக வேண்டிவரும். இரு நாட்டு ஆணையம் ஒன்றே நடைமுறையைப் பார்த்துக்கொள்ளும். சர்வதேச நீதிமன்றங்களில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறவும் வேண்டும். மூன்றாம் ஆள் யாரும் இல்லாத ஏற்பாடு. அந்த வகையில் 1994-க்குத்தான் பக்கம். வித்தியாசம், அன்று இரு தரப்புக்கும் தெம்பில்லை. இன்று ஒரு தரப்புக்கு மட்டும் நிறையத் தெம்பு இருக்கிறது. ஆர்மீனியாவுக்குக் காப்பாக இருப்பது, பாதை ஓடினால் பாகூவுக்குக் கிடைக்கும் வணிக லாபமும், அதைக் கெடுத்தால் வாஷிங்டனிடம் வரும் சங்கடமும்தான். ரயில் சரக்கு விஷயத்தில் 2025 அக்டோபரில் அலியெவ் தடையை நீக்கி, கஜகஸ்தான் கோதுமை அஜர்பைஜான் வழியாக ஆர்மீனியாவுக்கு வந்ததைப் பார்த்தால், இந்தக் காப்பு வெறும் பேச்சு இல்லை என்றும் தோன்றுகிறது.

ஆனால் வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர்கள் போட்டது முன்னொப்பம் மட்டுமே. முழுக் கையெழுத்துக்கு பாகூ ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆர்மீனிய அரசியலமைப்பின் முகவுரை, 1990 சுதந்திரப் பிரகடனத்தைக் குறிப்பிடுகிறது. அந்தப் பிரகடனமோ, காராபாக்கும் ஆர்மீனியாவும் இணைவதாக 1989-ல் போட்ட தீர்மானத்தைக் குறிப்பிடுகிறது. இந்தச் சங்கிலி இருக்கும்வரை நிலக்கோரிக்கையும் இருக்கிறது என்கிறது பாகூ. முகவுரையை மட்டும் தனியே திருத்த வழியில்லை, புதிய அரசியலமைப்பையே பொதுவாக்கெடுப்புக்கு விட வேண்டும். அதில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது. மொத்த வாக்காளர்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கினர் ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். 2023-ல் காராபாக்கிலிருந்து வந்தவர்களில் ஆர்மீனியக் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் அதில் வாக்கு உண்டு.